எட்டுத் தாள்

பிளக்கைப் பிடுங்கி
கண்ணில் படுகிற மாதிரி
மேஜைமேலேயே போட்டிருக்கிறேன்.
இரும்புப் பரப்பில் ராத்திரி பூத்த துருவை
எண்ணெய்த் துணியால் துடைத்தாயிற்று.
தங்கச்சிமடத்தில் கச்சான் வீசினால்
மதியத்துக்குள் மறுபடி மஞ்சளாகும்.
துடைப்பதும் வேலையில் சேர்த்திதான்.

ரம்பத்தின் ஒரேயொரு பல்லுக்குச் சிவப்பு மை.
மேஜைக் காடியில் ஓடும் கட்டையில்
பித்தளைத் திருகாணி ஒன்று.
முன்பக்கம் நிறுத்தி
பல்லை உரசும்வரை முறுக்கினேன்.
டிக்.
நகம் கடிக்கிற அளவு சத்தம்.

கட்டையைப் பின்னால் தள்ளி
அதே பல்லை அங்கே கொண்டுபோனேன்.
வேறு பல் கூடாது,
ஒவ்வொன்றும் ஒவ்வொன்று சொல்லும்.
ஒரே சாட்சியை
இரண்டு இடத்தில் வைத்துக் கேட்க வேண்டும்.
பின்னால் சத்தமே இல்லை.

எவ்வளவு இடைவெளி?
அளக்கிற தகடு என்னிடம் கிடையாது.
ஐஸ் கம்பெனி கொடுத்த தினசரி காலண்டரில்
கிழித்து ஆணியில் குத்தியிருந்த தாள்களை
ஒவ்வொன்றாகச் செருகினேன்.
நேற்றைய வெள்ளி நுழைந்தது.
வியாழன் நுழைந்தது. புதன்.
எட்டாவது தாளில் இறுகியது.
அதுவும் வெள்ளி.
ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு என்றிருந்தது.
இன்னாசிக்கு அடிபட்டபோது
மணி மூன்று.

தடைக்காலம் முடிய அப்போது பதின்மூன்று நாள்.
நாலு விசைப்படகின் மீன்பெட்டிப் பலகை
வாசலில் குவிந்து கிடந்தது.
பலகையில் பாதி ஆழத்துக்குக் கீற்று எடுக்க
இடைஞ்சலென்று
பின்கத்தியைக் கழற்றி
பெயின்ட் டப்பாவில் போட்டது நான்.
மாட்டலாம், மாட்டலாம் என்று
மாட்டாமல் விட்டதும் நான்.
இரண்டு வாரமாகப் பலகை ஓரம்
கருகிக் கருகி வந்தது.
புகை வாசனையை
பல் மழுங்கல் என்று நினைத்துக்கொண்டேன்.

பிளேடின் வால் கைடுப்பட்டைப் பக்கம் சாய்ந்திருக்கிறது.
உள்ளே போன மரத்துக்கு
வெளியே போக வழி குறுகல்.
பின்பல் அதைத் தூக்கி எறிந்தது.
இன்னாசியின் இடுப்பைக் கிழித்துப்போய்
தகரச் சுவரைத் துளைத்தது.

ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போனேன்.
பிலோமி வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள்,
உட்காரச் சொல்லவில்லை.
ஒன்பது தையலோடு படுத்திருந்தவன் சொன்னான்:
"மரம் ஈரம்க்கா. மரத்து மேலதான் தப்பு."
நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அடிப்போல்ட் நான்கில் மூன்றைத் தளர்த்தி
நாலாவதை அரைகுறையாக விட்டு
மரச்சுத்தியால் ஒரு தட்டு.
ஐந்து தாள்.
இன்னொரு தட்டு, இரண்டு.
கொஞ்சம் அதிகமாகி
இந்தப் பக்கம் முட்டியது.
திரும்பத் தட்டினேன்.
முன்னால் டிக், பின்னால் டிக்.
போல்ட்டை இறுக்கும்போது மறுபடி நகர்ந்தது.
முதலிலிருந்து.

பத்து மணிக்கு
தகரத் துளை வழியே ஒரு ரூபாய் அகலத்துக்கு வெயில்
மேஜைமேல் வந்து விழும்.
மூலைமட்டத்தைப் பிளேடோடு ஒட்டி நிறுத்தி
அந்த வெயிலில் குனிந்து பார்த்தேன்.
மேலே மயிரிழை வெளிச்சம்.
சக்கரத்தைக் கால் சுற்று திருப்ப
அது அணைந்தது.

கைடுப்பட்டை மட்டும்
பின்னால் ஒரு தாள் விலகி நிற்கட்டும்.
பின்கத்தியின் பெயின்டைச் சுரண்டி
பிளேடுக்கு நேராக மாட்டினேன்.

இன்னாசி வந்தது பதினொன்றுக்கு.
என்னைப் பார்க்கவில்லை.
பின்கத்தியைத் தொட்டான், ஆட்டிப் பார்த்தான்.
டப்பாவில் கத்தி கிடந்த இடம்
பச்சையாக இருந்ததைப் பார்த்தான்.
"மரம் ஈரமில்ல இன்னாசி" என்றேன்.
"தெரியும்க்கா."

பிளக்கை அவனே மாட்டினான்.
பிளேடின் நேருக்கு நிற்காமல் ஒதுங்கி
தள்ளுகட்டையால் ஒரு வேப்பந்துண்டைத் தள்ளினான்.
புகை இல்லை.
ஒரு பாதியைப் புரட்டி மறுபாதியோடு சேர்த்து
துளைப் பக்கம் உயர்த்திப் பிடித்தான்.
கோணம் தப்பென்றால் இரண்டு மடங்காகத் தெரியும்.
ரொம்ப நேரம் பார்த்தான்.

அடுத்த பலகை பாதி போகையில்
கரண்ட் போனது.
மரத்தை விட்டுவிடாமல் அழுத்தியபடி அவனும்
கையைக் கட்டிக்கொண்டு நானும்
சிவப்புப் பல் சுற்றிச் சுற்றி
தானாக நிற்கும்வரை
பேசாமல் இருந்தோம்.