இருபதாவது நாள்

முசஃபாவில் மதிய இடைவேளை.
நிழலுக்கும் வியர்க்கிறது.
பதான் டிரைவர் குல்ஸரீன்
கேட்காமலே நீட்டினான்.
நானும்
யோசிக்காமலே வாங்கினேன்.

மூன்று இழுப்பு.
நாலாவதில் இருமல். பிறகு
பழைய கடன்காரன் மாதிரி
தோளில் கைபோட்டு உட்கார்ந்தது புகை.

மேல்கட்டிலின் அடிப்பலகையில்
பத்தொன்பது கோடுகள்.
எல்லாவற்றையும் அடித்துவிடத்தான்
ராத்திரி மார்க்கரைத் திறந்தேன்.
மேலே ஜெபநேசன் புரண்டு படுக்க
கோடுகள் ஒருதரம் ஆடி நின்றன.

அடிக்கவில்லை.
பக்கத்தில் ஒரு சுழி போட்டேன்.

போனில் கேட்டாள்:
"இன்னிக்கு எத்தனை?"
"பத்தொன்பது. அப்புறம் ஒரு சுழி."
"என்ன சுழி, பிள்ளையார் சுழியா?"

ஏசி இரைச்சலில்
காதில் விழாதது போல் இருந்துவிட்டு
ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டேன்.

மணி பதினொன்று.
கீழே பக்காலா
இன்னும் திறந்துதான் இருக்கிறது.