வெயில்தான்

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு நூறடி இந்தப் பக்கம் வீடு.
வண்டி அந்தப் பக்கத்தது, கேஎல் ஒன்பது,
தொண்ணூற்றெட்டு எஸ்டீம்.
ஓடுகிறது. டேஷ்போர்டு மட்டும்
பங்குனிக் குளத்தின் தரை.

சீட்கவர் கடை ஷாஜகான்
"ஒரு வெல்வெட் விரிப்புப் போட்டு மூடுங்க சேச்சி" என்றான்.
மூடுவது எங்கள் தொழிலில் கிடையாது.
பொள்ளாச்சியில் பல்செட் செய்கிறவள் நான்.
பிளந்த மேலண்ணங்கள் எத்தனையோ
என் மேசையில் கவிழ்ந்து கிடந்து
எழுந்து போயிருக்கின்றன, முறுக்குத் தின்ன.

ஸ்டியரிங்கை இறக்கி, மீட்டரைப் பிடுங்கி,
பதினேழு ஸ்க்ரூவை இட்லித் தட்டுக் குழிகளில் பிரித்து வைத்து
ஆளுக்கொரு முனையாய்த் தூக்கி வந்தோம்,
நானும் கனகராஜும்.
சாப்பாட்டு மேசையை அது எடுத்துக்கொண்டது.
நான்கு நாள் தட்டை மடியில் வைத்துத் தின்றோம்.

விரிசல் முடிகிற இடத்தில் முதலில் ஒரு துளை.
இல்லாவிட்டால் நிரப்பிய பின்னும்
அது தன்பாட்டுக்கு நடக்கும்.
பிறகு வாயை அகலமாய்க் கீறி,
அடியில் வலைத்துணி, மேலே எபாக்ஸி,
நூற்றிருபது, இருநூற்றிருபது, நானூறாம் நம்பர் தாள்.
ரசத்தில் தூசி மிதந்தது.

டிரைவர் பக்கத்து விரிசல்கள் வெயிலுடையவை.
ஏசி வாயில் புறப்பட்டு, கண்ணாடி ஓரமாய்
அவசரமில்லாமல் போகும்.
மறுபக்கம் ஒன்று அப்படியில்லை.
ஒரே புள்ளியிலிருந்து எட்டுத் திசைக்கும்.
கடித்துக் கடித்து விட்ட செட்டும்
கீழே போட்ட செட்டும் ஒரே மாதிரி உடைவதில்லை.
ஆள் என்ன சொன்னாலும்
பிளவு வேறு சொல்லும்.

ஊரடங்கின் மே மாதம்.
ரோட்டுக்குக் குறுக்கே தகரம்.
சித்தூர் ஆஸ்பத்திரியில் சௌந்தரண்ணன்.
இருபது கிலோமீட்டர்.
போனில் பாஸ்: பரிசீலனையில் உள்ளது.
ஒன்பது மணிக்கும் அதுதான், பதினொன்றுக்கும்.
ஒன்றே காலுக்கு அண்ணி கூப்பிட்டாள்.
அதற்கப்புறம் பாஸ் வந்தது,
இரண்டு பேருக்கு.

என் கை பத்து நாள் வீங்கியிருந்தது.
வண்டியில் ஏறி, பார்த்து, கேட்ட எல்லோருக்கும்
கனகராஜிடம் ஒரே பதில்:
"வெயில்தான். இந்தப் பக்கம் ஜாஸ்தி."
ஷாஜகானிடமும் அதைத்தான் சொன்னார்.
என்னிடமும்,
நான் கேட்காதபோதே.

முந்தாநாள் ராத்திரி அதற்கு எட்டுத் துளை.
ஐந்தாவதில் கரண்ட் போனது.
"விடு, காலைல பாத்துக்கலாம்."
நான் கையால் திருகும் சின்னத் துளைப்பானை எடுத்தேன்.
அவர் டார்ச் பிடித்தார்.
ஆறு.
ஏழு.
வெளிச்சம் கொஞ்சம் ஆடியது.

பழைய சாம்பல் நிறம் எந்தக் கடையிலும் இல்லை.
எண்பது தாண்டியவர்களுக்கு நான் எடுக்கும்
பல் நிறத்தைக் காட்டிக் கலக்கச் சொன்னேன்.
பெயிண்ட் கடைக்காரர் மோந்தெல்லாம் பார்த்தார்.
ஒத்துப்போனது.

மாட்டி முடித்தபின்
இட்லித் தட்டில் ஒரு ஸ்க்ரூ மீதி.

இன்று சாயங்காலம் அந்தப் பக்கம் போனோம்,
அண்ணியைப் பார்க்க.
செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் குனிந்து
"புதியதாணோ?" என்றார்.
"தொண்ணூத்தெட்டு" என்றார் கனகராஜ்.
கையை அசைத்துப் போகச் சொன்னார்.

நாட்டுக்கல் தாண்டியதும் மழை பிடித்தது.
உள்ளே எங்கோ ஏதோ ஒன்று
டக்கு டக்கென்று ஆடத் தொடங்கியது.
"அந்த ஸ்க்ரூ" என்றேன்.
வைப்பரைப் போட்டுவிட்டுச் சொன்னார்:
"வெயில்தான்."