ஒற்றைக்கு விலை இல்லை

நாத்துவாராவில்
கோயிலுக்குப் போகும் சந்தின் மூன்றாவது திருப்பத்தில் என் கடை.
கண் விற்கிறேன்.
வெள்ளித் தகட்டில் எனாமல், நடுவே கருமணி,
அட்டையில் ஜோடி ஜோடியாக.
கடுகளவு, தொட்டில் கண்ணனுக்கு.
புளியங்கொட்டை அளவு, அனுமனுக்கு.
நெற்றிக்கண் என்றால் சொல்லிச் செய்ய வேண்டும்,
அதற்கு மட்டும் ஜோடி கிடையாது.

தீபாவளிக்கு முந்திய வாரம் ஹங்காமி வந்தாள்,
ராஜ்சமந்த் குவாரியில் பளிங்கு உடைப்பவள்.
இடது இமை
தைத்ததுபோல் மூடிக் கிடந்தது.
ஒன்று கொடு என்றாள்.
ஒற்றைக்கு விலை இல்லை, ஜோடிதான் என்றேன்.

முக்காட்டு முனையின் முடிச்சை அவிழ்த்தாள்.
சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கல்சில்லு,
மேலெல்லாம் செந்தூரம், வெள்ளித்தாள்.
"இது தெறித்துத்தான் என் கண் போனது.
போன கண் வேறெங்கே போகும்?
இதற்குள்தான் இருக்கிறது.
மற்றதை மட்டும் கொடு."

நாள் முழுக்கக் கண்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவன் நான்.
ஒன்றும் என்னைப் பார்த்ததாக நினைவில்லை.

அட்டையைக் கிழித்தேன்.
மெழுகை உருக்கி வலப்பக்கம் ஒட்டினாள்.
இடப்பக்கம் வெறும் செந்தூரம்.
அங்கிருந்துதான் பார்த்தது:
என்னை,
கல்லாவை,
கல்லாவுக்கு அடியில்
வெள்ளி என்று சொல்லி நான் விற்கும் தகரச் சுருளை.

இருபது ரூபாய் வைத்துவிட்டுப் பேருந்துக்கு ஓடினாள்.

மிஞ்சிய கண் மேசையில் கிடக்கிறது.
யாரிடம் விற்பது?
கடை சாத்தும்போது குப்புறக் கவிழ்த்து வைக்கிறேன்.
தகரம் வாங்குவதை விட்டுவிட்டேன் என்று
சொல்லத்தான் ஆசை.