கடவை மூடியிருக்கிறது

சிவப்பு விளக்குகள் மாறி மாறிச் சிமிட்ட
தடி இறங்கிவிட்டது.
ரான்ஸ்கோனாக் கடவையில் இந்த நேரத்துச் சாமான் கோச்சி
லேசில் முடியாது.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று. உள்ளே ஹீற்றர்.
மடியில் என் கொப்பி.

மூன்று கிழமையாகச் சாப்பாட்டு மேசையில் இழுபட்ட கதை
இங்கே முடியட்டும்.
அவருக்கு இறங்கி ஓட இடமில்லை.

"முதல் அம்ஸ்ரடாம், ரெண்டு இரவு" என்கிறேன்.
அங்கே மச்சாள் இருக்கிறாள்.
போனால் கதைத்தே கொல்லுவாள்,
போகாவிட்டால் ஆயுளுக்கும் கதைக்கமாட்டாள்.
பிறகு ஹம்பேர்க். வழியில்
ஒஸ்னாப்ரூக்கில் கோச்சி மாறவேண்டும், எட்டு நிமிடம்.

"எட்டு நிமிசத்திலை நான் சப்பாத்துக் கட்டமாட்டன்."

கலியாண வீட்டுக்குச் சமையல்காரருக்கு முன்னமே போய் நிற்கிற மனுசன்.
அடுத்த கோச்சி இரண்டு மணித்தியாலம் கழித்து என்றால்
அதுவே நல்லது, ஸ்ரேஷனில் ரீ குடிக்கலாம் என்கிறார்.
ரீ குடிக்கவா இவ்வளவு காசு கட்டிப் போகிறோம்?

கோதுமைப் பெட்டிகள். பொட்டாஷ் பெட்டிகள்.
கறுத்த எண்ணெய்த் தாங்கிகள், முதுகில் பனி.
ஸ்ரியறிங்கில் விரலால் தட்டி எண்ணிக்கொண்டிருக்கிறார்.

மாசியில் அவருக்கு அறுபது.
பாசில் கழிவு உண்டு, கிழவன் என்று ஒப்புக்கொண்டால்.
சாளரப் பக்க ஆசனத்துக்குத் தனிக் காசு,
இரவுக் கோச்சியில் கட்டிலுக்கு இன்னொரு காசு,
எல்லாம் கூட்டி அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.
பிராக், வியன்னா, திரியெஸ்ட், கடைசியில் வெனிஸ்.
ஹம்பேர்க்குக்கும் பிராக்குக்கும் நடுவே பேர்லினை
யாரோ பென்சிலால் வெட்டியிருக்கிறார்கள்.
வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்.

"கோச்சி எப்படியும் அதுக்குள்ளாலைதான் போகுது" என்கிறேன்.
"போகட்டும். நாங்கள் இறங்கத் தேவையில்லை."

டக்.
டக்.
டக்.

கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்குகிறார்.
குளிர் கத்திபோல் என் காதுக்குள்.
"கேட்டியே? தட்டைச் சில்லு.
எண்பத்தாறாவது பெட்டி.
நாளையோ நாளையிண்டைக்கோ என்ரை கையுக்குத்தான் வரும்."

பத்தொன்பது வருடம் சில்லுப் பட்டறையில்.
இந்த நாட்டில் ஒருநாள் ஒரு கோச்சியில் ஏறி இருந்ததில்லை.

கண்ணாடி இன்னும் இறங்கியபடி.
ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார்:
"பேர்லினிலை ஏறியிருக்கிறன்."
"எப்ப?"
"எண்பத்தைஞ்சு.
கிழக்கிலை ஏறி மேற்கிலை இறங்கினது. ஒரு ஸ்ரேஷன்.
மூண்டு நிமிசம் வருமோ தெரியாது,
கண்ணை மூடிக்கொண்டு இருந்தனான்.
பக்கத்திலை ஒரு மனுசி அப்பிள் கடிச்சுக்கொண்டிருந்தவ.
அந்தச் சத்தம்தான் தெரியும்."

பிறகு,
"ரிக்கெற் எடுக்கேல்லை."

முப்பத்திரண்டு வருடமாக இந்த மனுசன்
எந்தப் பல்லால் சாப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியும்.
அப்பிள் வாங்கி வந்தால் ஏன்
நறுக்கித் தா என்பார் என்று யோசித்ததில்லை.

கொப்பியில் பென்சில் கோட்டை அழிக்கிறேன்.
தாள் கொஞ்சம் கிழிகிறது.
"ரெண்டு இரவு போடட்டே?"
"ஒண்டு காணும்."
கண்ணாடியை ஏற்றுகிறார்.
"அந்த ஒரு ஸ்ரேஷனுக்கு ரிக்கெற் எடு."
"அது பாசுக்குள்ளை அடங்கும், தனியா வேண்டாம்."
"தெரியும். தனியா எடு.
மூண்டு."

எழுதுகிறேன்: பேர்லின், மூன்று.

கடைசிப் பெட்டியின் வாலில் சின்னச் சிவப்பு விளக்கு
மினுங்கி மினுங்கிப் போகிறது.
தடி எழும்பிவிட்டது.
பின்னால் ஒரு பிக்கப் ஹோர்ன் அடிக்கிறது,
இவர் இன்னும் பிறேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.
மறுபடி அடிக்கிறான்.

"போங்கோவன்" என்கிறேன்.

ஒஸ்னாப்ரூக் இன்னும் முடிவாகவில்லை.