தூக்குப்போசி

கொப்பரையில் பாகு பொங்கும்போது
ஹைட்ரோஸ் ஒரு கை.
கவுந்தப்பாடிச் சந்தையில்
கறுத்த சிப்பத்தைச் சீந்த ஆளில்லைங்க.
மஞ்சளென்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார்கள்.
நானும்
கண்ணை மூடிக்கொண்டுதான் போடுகிறேன்.

பொடி விழுமுன்னே சரசாள்
ஒரு தூக்குப்போசி மொண்டு வைத்துவிடுவாள்,
வீட்டுக்கு.

போன வாரம் பெருந்துறையில்
மகள் காப்பி போட டப்பாவைத் திறந்தாள்.
எலுமிச்சை நிறம்.
"சீனியைத் தொடறதே இல்லைங்கப்பா.
நீங்க தந்தது தீர்ந்துச்சு,
கடையில நம்மூர்ச் சரக்கே
நல்ல நிறமாப் பார்த்து வாங்கினேன்."

பேரனுக்கும் பாலில் அதுதான்.
சரசாள் என்னைப் பார்க்கவில்லை,
டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று வியாபாரிக்குப் போன் போட்டேன்:
இந்தக் கொப்பரை கறுப்பாத்தான் வரும்.
"மூட்டைக்கு முந்நூறு குறையுமுங்க."

குறையட்டும் என்று சொல்ல
நாக்குப் புரளுமுன்
அடியில்
பாகு முறுகும் வாசம்.