மஞ்சள் கோடு

முதல் தடவை கம்பியைத்தான் நீட்டினோம்.
பிளாட்டினம், ரோடியம் கலந்தது,
என் நாலு மாத உதவித்தொகை.
இரண்டாம் நொடியில் ஓர் எண் சொன்னது.
மூன்றாம் நொடியில் கம்பியே இல்லை.

அதனால் இப்போது உப்பு.

வெருலம் தாண்டி, கரும்புக்கு நடுவில்,
காங்கிரீட் சுவருக்குப் பின்னால்
குந்தியிருக்கிறோம் நானும் தண்டேகாவும்.
அந்தப் பக்கம் ஸ்டாண்டில் படுத்திருக்கிறது எஞ்சின்,
வயிறு நிறைய மெழுகு,
மெழுகில் பிசைந்த ஒரு கரண்டி சமையல் உப்பு.
கடைக்காரர் கேட்டார், ஊறுகாய்க்கா என்று.
ஆமாம் என்றேன்.

தீக்கு அப்பால் ஒரு விளக்கு.
இப்பால், தீயினூடே அதைப் பார்க்கும் லென்ஸ்.
விளக்கின் சூடு நமக்குத் தெரியும், தீயினுடையது தெரியாது.
விளக்கு மிஞ்சினால்
உப்பின் மஞ்சள் கோடு கறுத்து விழும்.
தீ மிஞ்சினால் கோடு ஜொலிக்கும்.
இரண்டும் சரிசமமானால்
கோடே இருக்காது.
காணாமல் போகிற இடத்தில்தான் விடை.

மூன்று மணிக்கு யாரோ பக்கத்துத் தோட்டத்தைக்
கொளுத்திவிட்டார்கள்.
கரும்புச் சருகின் சாம்பல்
சுருள் சுருளாய் லென்ஸ் மேல்.
தண்டேகா எழுந்து போய்
தலைத்துணியை அவிழ்த்துத் துடைத்தாள்.
மூன்று நாளாய் என்னோடு பேசாதவள்.
கட்டுரையில் யார் பெயர் முதலில் வருவது
என்பதில் தொடங்கியது.

ஐந்து, நாலு, மூன்று.

சத்தம் முதலில் விலா எலும்பில்,
அப்புறம்தான் காதில்.
அவள் குமிழைத் திருகத் திருக
விளக்கு வெளுத்துக்கொண்டே போனது.
திரையில் கோடு ஜொலித்தது,
ஜொலித்தது,
சோர்ந்தது,

"இப்போ!"

இருவருமே கத்தினோம்.
யார் முதலில் என்று
பதிவைப் போட்டுக் கேட்டால் தெரியும்.
நான் போடவில்லை.

இரண்டாயிரத்து நூற்றெழுபது கெல்வின்.
நாற்பது கூட இருக்கலாம், குறையவும் இருக்கலாம்.
குறிப்பேட்டில் அந்த நாற்பதைத்தான்
முதலில் எழுதினேன், அதில்தான் எனக்குச் சந்தேகமில்லை.

மறுநாள் காலை
எஞ்சினின் வாய் பனியில் நனைந்து கிடந்தது.
இப்போது தொடலாம்.
தொட்டேன்.
சில்லிட்ட கிராஃபைட்,
விளிம்பில் வெளுப்பாய் ஒரு படிவு,
உள்ளே போய்க்கொண்டிருந்தது ஓர் எறும்பு.
விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது.

"உப்பா, சாம்பலா?"
பின்னால் தண்டேகா, கையில் இரண்டு டீ.

தெரியலை என்றேன்.
இன்னொரு தரம் எரித்துப் பார்க்கணும்.