தொழில் சராசரி

புதுவயல் கிளையில் ஏ.சி. சத்தம் போடும்,
குளிர் போடாது.
வைகாசி பத்தொன்பது.
வயிரவன் மாடர்ன் ரைஸ் மில்லின்
நான்கு கோடி வரம்பைப் புதுப்பிக்கும் குறிப்பு
சாயங்காலத்துக்குள் மேலே போயாக வேண்டும்.

எண்களைப் பார்த்தால் எழுந்து கும்பிடலாம்.
சொந்த முதல் ஒரு ரூபாய் என்றால்
வங்கிக் கடன் நாற்பது காசு.
மாநிலத்து மில்களுக்கு ஒன்றரை ரூபாய்.
கட்டும் வட்டியைப்போல் ஆறு மடங்கு லாபம்;
மற்றவை இரண்டரை மடங்கிலேயே
மேட்டில் ஏறும் நெல் லாரியாய் இரைக்கின்றன.

அதே நெல். அதே கரண்டு பில்.
தவிட்டுக்கும் அதே விலை.
பிறகு எப்படி?

ஏழாம் பக்கத்தில் இருந்தது.
நெல் போட்டவர்களுக்குப் பணம் கொடுக்க
மில் எடுத்துக்கொண்ட நாட்கள்
தொண்ணூற்று நான்கு.
மாநிலச் சராசரி இருபத்தாறு.
கட்டம் சிவப்பு.

மேலாளர் எட்டிப் பார்த்தார்.
"தஞ்சாவூரும் காங்கேயமும் நமக்கு எதுக்கும்மா?
ஊர் மில்லை ஊர் மில்லோட வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தேன்.
நம்மிடம் கணக்குள்ள மில்கள் பதினொன்று,
சராசரி தொண்ணூற்றொன்று.
சிவப்பு பச்சையாயிற்று.
எல்லாரும் தாமதித்தால்
யாருமே தாமதிக்கவில்லை என்று
ஒரு வகுத்தல் சொல்லிவிடுகிறது.

மூன்றாம் கவுன்டர் நகைக்கடன்.
டோக்கன் நாற்பத்திரண்டு, சாக்கோட்டை அடைக்கலம்.
சட்டைப் பையில் மில்லின் எடைச்சீட்டு,
மாசி பதின்மூன்று.
இன்றோடு தொண்ணூற்றேழு நாள்.
சராசரியை மூன்று நாள் தாண்டியவர்.
பஞ்சவர்ணத்தின் தோட்டை மீட்க வரவில்லை,
வட்டியைக் கட்டி மாற்றி வைக்க வந்திருக்கிறார்.

வயிரவன் கட்டாத வட்டி
எங்கேயும் தொலைந்துபோகவில்லை.
இந்த ஹாலைக் குறுக்கே கடந்து
டோக்கன் எடுத்து
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது.
எந்தக் கவுன்டரில் வந்தாலும் எங்களுக்கு வரவுதான்.

வட்டிக்கு வட்டியை
வாய்க்கணக்காய்ப் போட்ட சீமை இது.
யார் தலையில் என்பதற்கு மட்டும்
விகிதம் கண்டுபிடிக்கவில்லை.

'ஊர்ச் சராசரிக்கு ஒத்துள்ளது' என்று அடித்தேன்.
அழித்தேன்.
மறுபடி அடித்தேன்.
கீழே 'பிற விவரங்கள்',
இருநூறு எழுத்துக்கு மேல் ஏற்காத கட்டம்.
'நெல் பாக்கி நிற்கும் நாட்களில்
விற்றவர்கள் நம்மிடமே நகை வைக்கிறார்கள்.
அந்த வட்டியை மில்லின் செலவில் சேர்த்தால்
ஆறு மடங்கு என்பது'
அதற்கு மேல் ஓர் எழுத்தும் விழவில்லை.

மதிப்பீட்டாளர் குரல் கொடுத்தார்:
"தோடு ஒரு ஜோடி, கல் நீக்கி ஐந்தே முக்கால் கிராம்."

கையெழுத்துப் போட்டுவிட்டு
அடைக்கலம் நேராக என் மேசைக்கு வந்தார்.
"மில்லுக்கு லோன் இன்னைக்கு ஓ.கே. ஆயிருமா மேடம்?
ஆனாத்தான் எங்களுக்குத் தருவேன்னுருக்காரு."

அனுப்பும் பொத்தானில் என் விரல் இருந்தது.
ஏ.சி. ஒருமுறை உறுமி நின்றது.